டிக் போட்ட பன்னிரண்டு பெயர்கள்

மேடத்தை எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அழுவதைப் பார்த்து, ரெண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆர்.கே.புரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் எங்கள் டிரஸ்ட். டெல்லிக்குப் பிழைக்க வந்த தமிழ்ப் பெண்களுக்கு வீட்டு வேலை பிடித்துக் கொடுப்பது, ரேஷன் கார்டுக்கு ஃபாரம் நிரப்புவது, பிள்ளைகளை ஸ்கூலில் சேர்ப்பது, புருஷனிடம் அடிவாங்கி ஓடிவந்தவளுக்கு ரகசியமாக ஒரு ரூம் பார்த்துக் கொடுப்பது எல்லாம் செய்வோம். முன்னறையில் நான். வருகிறவர்களிடம் பேச வேண்டியது என் வேலை. நானே நாலா என்கிற பெரிய சாக்கடை ஓரத்துக் குடிசை கேம்ப்பில் வளர்ந்தவள்தான். யார் எந்த ஊர், யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் மேடம்.

'கம்ப்யூட்டர் மேடம்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. காட்டன் சல்வார், கழுத்தில் கண்ணாடிக்குக் கயிறு. டெல்லியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் படிப்பது எழுத்துக்கூட்டித்தான். பஸ் போர்டு படிக்கும் குழந்தை மாதிரி உதடு அசையும். 'அச்சா', போதும் என்பதற்கு 'பஸ்', 'ஜல்தி பண்ணு' என்று பாதி இந்தி. அவர் வாயில் அதிகமாக வந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"உனக்கு அது எதுக்கு?"

பெருக்க வரும் அம்மாவிலிருந்து தலைவர் வரைக்கும் எல்லாரிடமும் அதே கேள்வி. 'நீ' மட்டும் 'நீங்க' ஆகும்.

அவர் வேலை டேட்டாபேஸ். எங்களிடம் வந்த ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் பெயர், ஊர், போன், வேலை பார்க்கும் வீடு, இருக்கும் இடம், பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தன. அதைத் திறக்க ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட் வைத்திருந்தார். என் பெயரில் திறந்தால் ஒன்று தெரியும், செக்ரட்டரி பெயரில் திறந்தால் வேறு தெரியும். நான் புதுப் பெயர் சேர்க்கலாம், போன் நம்பர் திருத்தலாம். எதையும் அழிக்க முடியாது. செக்ரட்டரி வரவு செலவுக் கணக்கெல்லாம் பார்க்கலாம், ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. தலைவருக்கு இந்த மாதம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற எண்ணிக்கை மட்டும்.

ஒரு நாள் பவர் போய் வந்து, கம்ப்யூட்டர் உயிர்பெறக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார்.

"இந்த சாஃப்ட்வேர் இருக்கே வள்ளி, பொறக்கும்போதே பேவகூஃப், முட்டாள். யார் வந்து உக்காந்தாலும் அவங்கதான் அட்மின்னு நெனச்சுக்கும். பேர்கூட கேக்காது. எல்லாத்தையும் தொறந்து காட்டிடும். முதல் நாள், முதல் வேலை என்ன தெரியுமா? அந்த அட்மின்கிட்டேருந்து உரிமைய ஒண்ணு விடாம புடுங்கணும். அப்புறம்தான் பூட்டு போடணும். நெறைய பேர் பூட்டு போட்டுட்டு, இத மறந்துடுவாங்க."

"அப்ப நீங்கதான் அட்மினா?"

"நானும் தினம் உன்னை மாதிரிதான் உள்ள போறேன். முழு உரிமை இருக்கற பேர் வேற. அது சனிக்கிழமை மத்தியானம் மட்டும், வேலை இருந்தா."

"உங்க ஃபைலுக்கு நீங்களே பயப்படறீங்களா?"

"என் கைக்கு பயப்படறேன். கை தவறும்ல?"

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

தலைவரோடு அவர் போட்ட சண்டையை அப்புறம் நாங்கள் பல நாள் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். தலைவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டம்மாவுக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும். ஆள் மட்டும் போதாது, எங்களிடம் வரும் பெண்களில் யார் யார் என்ன ஜாதி என்று லிஸ்ட் வேண்டும்.

"அந்தக் காலம் உங்களுக்குத் தெரியாது சார்," என்றார் மேடம். காலம் என்றால் நேரம் இல்லை, திரையில் இருக்கும் கட்டம். அவருக்கு டேட்டாபேஸில் இருப்பதெல்லாம் இங்கிலீஷில்தான் வரும்.

"தெரியாதுன்னா? நான் தலைவர்ம்மா!"

"தெரியும் சார். தலைவருக்கு அது எதுக்கு?"

"எனக்கே பெர்மிஷன் இல்லைங்கறியா?"

"ஸ்கூல் சேர்க்க சர்டிபிகேட் வாங்கறப்ப அது வேணும். அந்த வேலைய பாக்கறவங்களுக்கு இருக்கு. நீங்க யாரையும் ஸ்கூல்ல சேக்கல."

தலைவர் முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. மேடம் திரும்பித் தயிர்சாதத்தைத் தொடர்ந்தார். தொட்டுக்கொள்ள எப்போதும் இந்திக்காரர்கள் போடும் மிளகாய் அச்சார்.

மலை மந்திர் முருகன் கோயிலிலும் இதே கதைதான். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அவரும் சேர்ந்து போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேர், நட்சத்திரம், கோத்திரம்?" என்றார்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க."

"உங்க பேர் சொல்லும்மா, ஒரு நிமிஷம்தானே?"

"முருகனுக்குத் தெரியும். பக்கத்துல நிக்கறவங்களுக்கு எதுக்கு?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று. படியிறங்கும்போது, "ஏன் மேடம் இப்படி? உங்க நட்சத்திரத்த வச்சு யாரு என்ன பண்ணிடப் போறாங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் எங்கே குடியிருக்கிறார், வீட்டில் யார் யார், கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டோம். ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று நாங்களாகக் கதை கட்டினோம். செக்ரட்டரி ஒரு கதை, நான் ஒரு கதை. என் கதைதான் அசிங்கமானது. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். என் பெயரும் அந்த டேட்டாபேஸில் உண்டு, நானும் ஒரு காலத்தில் உதவி கேட்டு வந்தவள்தானே. ஒரு நாள் கடுப்பில், "என்னைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றேன். மறுபேச்சு இல்லாமல் நாற்காலியைவிட்டு எழுந்து என்னை உட்காரவைத்தார். "உன்னோடது. முழுசும் பாரு. தப்பிருந்தா சொல்லு, மாத்தறேன்." நான் வந்த முதல் வாரம் அவரிடம் என் புருஷன் குடியைப் பற்றியும், அவன் என்னைச் சாக்கடை ஓரத்தில் வைத்து அடித்ததைப் பற்றியும் ஒரு மணி நேரம் அழுது சொல்லியிருந்தேன். அதில் ஒரு வரிகூட அங்கே இல்லை. பெயர், ஊர், போன், இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான்.

அந்த ஒரு நிமிஷம் அவரைப் பிடித்தது. மறுநாளே மறந்துவிட்டேன்.

ஏன் என்றால், என் திரையில் பன்னிரண்டு பெண்களுக்கு மட்டும் பெயருக்கு நேராக ஒரு டிக் இருக்கும், முகவரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். புருஷனை விட்டு ஓடிவந்தவர்கள். அவர்களுக்கு ரூம் பார்த்துக் கொடுத்தது மேடம். எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேரைக் கூட்டிவந்ததே நான். செல்வி என்று ஒருத்தி, உளுந்தூர்பேட்டைப் பக்கம், ஐந்து வயதுப் பெண் குழந்தை. அவள் கையில் சூட்டுக்கோல் தழும்போடு என் மடியில் விழுந்து அழுதாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கே தெரியக்கூடாதா?

"என்னை நம்ப மாட்டீங்களா மேடம்?"

"நம்பறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல வள்ளி. நீ கதவுகிட்ட உக்காந்திருக்க. யார் வேணா வந்து உன்கிட்ட கேப்பாங்க. தெரியாதுன்னு நீ சொல்றப்ப அது உண்மையா இருக்கணும். பொய் சொல்ல உனக்கு வராது, முகத்துல தெரிஞ்சிடும்."

"எங்க ஜனத்தப் பத்தி உங்களவிட எனக்குத் தெரியும்."

"அதான் எனக்கு பயம்," என்றார்.

இதை நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன். அவர் என்ன சொன்னார் என்று நின்று யோசிக்கவில்லை.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் டிரஸ்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதில் பழைய சாஃப்ட்வேர் ஓடாது, புதியதற்கு மாற்ற வேண்டும் என்றார்கள். மேடம் முடியாது என்றார். ஒரு கூட்டம் போட்டார்கள். தலைவர், செக்ரட்டரி, கம்ப்யூட்டரோடு வந்த என்ஜினியர், மேடம், நான்.

"புதுசுல ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு உரிமை கிடையாது சார். அத எடுத்துட்டாங்க," என்றார் மேடம். "ஃபைலுக்கு ஒரே பாஸ்வேர்ட். அது தெரிஞ்சா எல்லாமே தெரியும். வேணும்னா வேற மாதிரி செய்யலாம், பெரிய சாஃப்ட்வேர், செலவாகும். அதுவரைக்கும் பழசு இருக்கட்டும்."

"அந்தப் பழசு என்னிக்காவது செத்துப்போச்சுன்னா?" என்றார் என்ஜினியர். அதுவும் நியாயம்தான். அதை மேடமும் ஒத்துக்கொண்டார்.

தலைவருக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். "வள்ளி, நீ சொல்லும்மா. இந்தப் பூட்டெல்லாம் உன் வேலைக்கு இடைஞ்சலா இருக்கா இல்லையா?"

இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். நான் நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு எங்கள மாதிரி நாலா ஓரத்து ஜனம்னா எளக்காரம் சார். ஒரு அட்ரஸ்கூட நம்பிக் காட்ட மாட்டாங்க. திருடியப் பாக்கற மாதிரி பாப்பாங்க."

தலைவரையே நிறுத்தியவர் அவர். எல்லாருக்கும் ஒரே பூட்டு. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஏதாவது எண்ணிக்கை தப்பாக வந்தால், எங்கே பிசகியது என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படிப் பார்த்தார்.

புது ஏற்பாட்டில் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் தேவையில்லை என்று முடிவாயிற்று. மாதக் கடைசிவரை வரலாம் என்றார்கள். மேடம் ஒன்றும் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெண்டு நாள் குடுங்க சார். டிக் போட்டு வச்ச பன்னிரண்டு பேரோட அட்ரஸை மட்டும் அதிலிருந்து எடுத்துடறேன். பேப்பர்ல எழுதி கவர்ல போட்டு உங்க கையில தரேன், லாக்கர்ல வைங்க. அப்புறம் மாத்திக்குங்க."

"போற நேரத்துல எதையும் அழிக்க வேண்டாம்," என்றார் செக்ரட்டரி. "இப்பவே உங்க பாஸ்வேர்டைப் போட்டு உள்ள விடுங்க. என்ஜினியர் காப்பி பண்ணிக்குவார்."

"அழிக்கல சார். எடுத்து..."

"தொடாதீங்கன்னு சொல்றேன்ல?"

அவர் மறுத்திருக்கலாம். பாஸ்வேர்ட் அவர் தலைக்குள் இருந்தது, யாரும் பிடுங்கியிருக்க முடியாது. கொஞ்ச நேரம் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஃபைல் டிரஸ்டோடது. என்னோடது இல்ல," என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை அடித்தார். என்ஜினியர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புது ஃபைலுக்கு இழுத்துவிட்டார். மேடம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனவர்தான். மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. போகும்போது என் மேஜை அருகே நின்று, "வள்ளி, டிக் இருக்கறவங்கள யார் கேட்டாலும், யார் கேட்டாலும்..." என்றார். நான் போனில் பேசுவதுபோல் பாவனை செய்தேன்.

இப்போது என் திரையில் எல்லாம் தெரிந்தது. பன்னிரண்டு பேரின் முகவரியும் வரிசையாக. அன்று சாயங்காலம் சும்மா அவற்றை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு புருஷன், பெண்சாதி வந்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கள். அந்தம்மா பட்டுப்புடவை, கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். முதலில் எனக்குக் குங்குமம் வைத்துவிட்டு, ஒரு பத்திரிகையைக் கையில் கொடுத்தார்.

"நம்ம ஜனம்னு கேள்விப்பட்டேன், நீயும் கண்டிப்பா வரணும்மா."

"எந்த ஊருங்க அக்கா?"

"உளுந்தூர்பேட்டை பக்கம். செல்வி இருக்காள்ல, அவளுக்கு நான் பெரியம்மா. எம் பொண்ணுக்குத்தான் கல்யாணம். பாவம், அவ வாழ்க்கைதான் இப்படி ஆயிப்போச்சு. அக்கா கல்யாணத்துக்காவது அந்தப் புள்ள வந்து நிக்க வேணாமா?"

"போன் பண்ணித் தரட்டுமா?"

அந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "போன்லயா? பொறந்த வீட்டு மனுஷங்கம்மா நாங்க. வீடு தேடிப் போயி, குங்குமம் வச்சு, கையில குடுக்காம? நாளைக்கு அவ, பெரியம்மா போன்ல கூப்புட்டான்னு சொல்ல மாட்டாளா?"

நான் அந்தம்மாவைச் சோதித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். செல்வியின் அம்மா பெயர் கேட்டேன், சரியாகச் சொன்னார். செல்வியின் குழந்தைக்குக் காது குத்தியது எந்தக் கோயிலில் என்று கேட்டேன், சொன்னார். செல்வி சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதைகூடச் சொன்னார். இதெல்லாம் பெரியம்மாவுக்கு மட்டுமா தெரியும்? நாத்தனாருக்கும் தெரியும். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்களுக்கு வீட்டு விலாசம் சொல்ல மாட்டேன் என்று எங்கள் ஜனத்தில் யார் சொல்வாள்? வாய் வருமா?

திரையில் செல்வி பெயருக்கு நேராக டிக் இருந்தது. பார்த்தேன். மேடத்தின் கிறுக்கு என்று நினைத்தேன். சங்கம் விஹார், சந்து நம்பர், வீட்டுக்காரர் பெயர், மாடி ரூம். ஒரு துண்டுச் சீட்டில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் செல்வி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"பாப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டான்க்கா! நான் வேலைக்குப் போன நேரமாப் பாத்து வந்து தூக்கிட்டான். அவன் அக்கா, மாமன் எல்லாரும் கூட வந்திருக்காங்க. தாணாவுல போலீசுகிட்ட போயி அழுதேன். அப்பன்தானே தூக்கிட்டுப் போனான், இதுல என்ன கம்ப்ளெயின்ட்டுங்கறாங்க."

முன்னறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். அவள் நேராகப் பின்னறைக்குள் ஓடினாள். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எங்க அவ? அந்தக் கம்ப்யூட்டர்காரி எங்க? அவகிட்ட மட்டுந்தான சொன்னேன்! உங்கிட்டகூட சொல்லலியேக்கா! யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணாளே, எவ்வளவுக்கு வித்தா என்னைய?"

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்து, 'நான்தான்டி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் என் தோளில் விழுந்து அழுதாள். இதைவிடக் கேவலம் ஒருத்தி செய்ய முடியுமா, தெரியவில்லை.

அன்றே அவள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டாள். குழந்தை எங்கேயோ அங்கேதானே அவள் இருக்க முடியும்? மறுபடி அவன் வீட்டுக்கே போனாள்.

அவள் போன பிறகு அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் படித்தேன். அதுவரை பிரிக்கவே இல்லை, மூலையில் இருந்த மஞ்சளே போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் தர்மபுரிப் பக்கம் யாரோ. முகூர்த்தம் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே முடிந்துபோயிருந்தது.

மேடத்தின் முகவரியும் ஆபீஸ் ஆட்களின் விவரத்தோடு புது ஃபைலில் இருந்தது. முனிர்காவில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். ஒரு கட்டில், ஒரு ஃபேன், சுவரோரம் சுத்தமாக மடித்த துணி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் சொன்ன பொய்க்கும் சேர்த்து அழுதேன். அவர் என் அழுகையைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"பத்திரிகை," என்றார். "பத்திரிகைய நான் யோசிக்கவே இல்ல வள்ளி. புருஷன் வருவான், போலீஸ்னு சொல்லிட்டு வருவான், இதெல்லாம் யோசிச்சு வச்சேன். இத யோசிக்கல." தப்பு அவருடையது போலவே பேசினார். பிறகு சட்டென்று எழுந்து துப்பட்டாவை எடுத்தார். "மத்த பதினோரு பேர்?"

"என்ன மேடம்?"

"அந்த ஃபைல் திறந்துதானே கிடக்கு? பதினோரு பேரும் அதுல இருக்கற அட்ரஸ்லதானே இருக்காங்க? ஜல்தி வா."

பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஆட்டோவிலும் நான்கு நாள் அலைந்தோம். கையில் ஒரு பேப்பர் கிடையாது. பதினோரு முகவரியும் அவருக்கு மனப்பாடம். போன் வேண்டாம், யார் எடுப்பார்களோ என்றார். ஒவ்வொரு வாசலிலும் என்னைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் போனார். ஒவ்வொருத்திக்கும் வேறு இடம் பார்த்தார். ஒருத்தி மட்டும் அவர் முகத்தில் கதவைச் சாத்தினாள். செல்வி ஊருக்குப் போவதற்குமுன் இவளிடம் மேடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்றபடியே மேடம் கால் மணி நேரம் பேசியதைத் தெருமுனையிலிருந்து பார்த்தேன். கதவு திறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவளாகவே ரூமைக் காலி செய்துவிட்டாள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் சொன்னேன். "செல்வி நம்பர் எங்கிட்ட இருக்கு. நான்தான் குடுத்தேன்னு சொல்லிடறேன் மேடம். உங்களப் போயி அப்படிப் பேசறாளே."

"சொல்லாதே."

"ஏன்?"

"சொன்னா அப்புறம் அவ யாருக்கு போன் பண்ணுவா? என் மேல நம்பிக்கை போச்சு. உன் மேலயும் போச்சுன்னா டெல்லில அவளுக்கு ஒரு ஆள் கிடையாது. ஒருத்தராவது மிச்சம் இருக்கட்டும்."

"அதுக்காக நீங்க..."

"எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது ரயில். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

எட்டு மாதம் கழித்துச் செல்வி போன் செய்தாள். புருஷன் வேலைக்குப் போயிருக்கிறான், பக்கத்து வீட்டுப் போன், குசுகுசுவென்று பேசினாள்.

"யக்கா, பாப்பாவ இழுத்துக்கிட்டு வந்துர்றேன். இந்தத் தடவ முதுகுல சூடு வச்சிட்டான். ஒரு இடம் பாருக்கா. ஆனா ஒண்ணு, அந்தப் பொம்பளைக்கு நான் இருக்கற இடம் தெரியக்கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா நான் வரல. பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணிவிட்டு முனிர்காவுக்குத்தான் ஓடினேன். வேறு எங்கே ஓடுவது? பாதுகாப்பான வீடு எது, எந்த வீட்டுக்காரி வாய் திறக்க மாட்டாள் என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

செல்வி சொன்னதை அப்படியே சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார்.

"சரிதான். அது அவளோட அட்ரஸ். யார் பாக்கலாம், யார் பாக்கக்கூடாதுன்னு அவதான் சொல்லணும்." ஒரு பேப்பரை எடுத்து மூன்று வீடுகளை எழுதினார். "மூணும் நல்ல இடம். இதுல ஒண்ணுல வை. எதுன்னு எங்கிட்ட சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே."

"அவ வந்து சேந்தாளா இல்லியான்னாவது சொல்லட்டுமா?"

"எதுவும் வேணாம்."

செல்வி வந்தாள். நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கியபோது குழந்தை அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு வீட்டில் வைத்தேன். எது என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

மாதம் ஒருமுறை மேடத்தைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம், அவள் வந்துவிட்டாள், குழந்தை ஸ்கூலுக்குப் போகிறது என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். ஒரு தடவை, "மேடம், அந்த..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தினார். டீ போட எழுந்து போனார். அடுப்பு பற்றவைத்த சத்தம் கேட்கவே இல்லை. எட்டிப் பார்த்தால், பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

அடுத்த மாதம் போனபோது கதவில் வேறு பூட்டு. காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றாள் கீழ்வீட்டுக்காரி. எங்கே என்று சொல்லவில்லையாம். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஐந்து வருஷமாயிற்று. டெல்லியில் தமிழ் பேசும் ஒருவரையும் நான் விடவில்லை, கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் இப்போது என் தோள் உயரம். உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் செல்வி.

"யக்கா, அந்தக் கம்ப்யூட்டர்காரி எங்கயாச்சும் கண்ணுல பட்டாளா?"

"ஊரைவிட்டே போயிட்டாளாம்."

"தொலையட்டும். பண்ணுன பாவம் சும்மா விடுமா? நீ மட்டும் இல்லைன்னா நானும் எம்புள்ளையும் என்ன ஆயிருப்போம், சொல்லு."

இப்போது சொல்லலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். போன வாரம்தான் அவள் புருஷனை டெல்லியில் கோட்லா பக்கம் பார்த்ததாக ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மறுபடி ஓட வேண்டி வந்தால் இவள் என்னிடம்தான் வர வேண்டும்.

மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி முடித்து, ரிப்பனின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினாள் செல்வி. நான் பிடித்துக்கொண்டேன்.